கார்டைக் கொடுத்து வாங்கிய சென்டர்

தோல் பதனிடும் எங்கள் டேனரிக்கு ஒரு பாஸ்கெட்பால் டீம் இருந்தது என்று சொன்னால் என் மருமகன் சிரிக்கிறான். "ஆம்பூர்ல பிரியாணி தெரியும், ஷூ தெரியும். பாஸ்கெட்பால் எங்கேர்ந்து மாமா வந்துச்சி?" என்கிறான். அவனிடம் என்னத்தைப் பேசுவது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் ஓரளவு பெயரெடுத்த டேனரி ஒவ்வொன்றுக்கும் ஒரு டீம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடங்களில் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் கிடைத்தார்கள். படிப்பு முடிந்ததும் கம்பெனிகள் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பேருக்கு ஹெல்பர், பேக்கிங் என்று இருக்கும். சம்பளம் என்னவோ பந்தைக் கூடையில் போடுவதற்குத்தான்.

நான் டைம் ஆபீஸில் இருந்தேன். காலையில் சங்கு ஊத வைப்பது, லேட்டாக வருகிறவனை முறைப்பது, யாருக்கு என்றைக்கு வார லீவு என்று போடுவது எல்லாம் என் வேலை. அதோடு டீமுக்கு செக்ரட்டரி. நேரம் தவறுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. என் கல்யாணத்துக்குப் போதகர் தாமதமாக வந்ததை இன்றுவரை வீட்டில் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது.

எங்கள் பகுதியில் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. முதலாளிகள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள், தொழிலாளிகள் வீட்டில் இருப்பார்கள், மத்தியானத்துக்கு மேல் ஆட்டம் நடக்கும். வருஷத்துக்கு ஒரு ஷீல்டு. அதற்கு முந்தின இரண்டு வருஷமும் நாங்கள் ஃபைனல் வரை போய்த் தோற்றிருந்தோம். தோற்ற டீமுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். எங்கள் ஆபீஸில் நாங்கள் தண்ணீர் குடித்ததெல்லாம் அந்தக் குடங்களிலிருந்துதான். முதலாளி அந்தப் பக்கம் வரும்போது குடத்தைப் பார்க்காத மாதிரி போவார்.

ஒரு நாள் அவர் என்னையும் கோச்சையும் கிடங்குக்குக் கூப்பிட்டார். கோச் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், சாயங்காலத்தில் எங்கள் டீமைப் பார்த்துக்கொண்டார். முதலாளி மேஜை முன்னால் நின்று தோல் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் யாரிடமும் விட மாட்டார். ஒரு தோலை எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், கட்டைவிரலால் மேல்பக்கத்தைத் தடவுவார், சட்டென்று திருப்பிச் சதைப்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று மூன்று அடுக்கில் ஒன்றில் போய் விழும். பேச்சும் நடக்கும், கையும் நடக்கும்.

"இன்னா கோச், இந்த வருஷமும் குடம்தானா?" என்றார்.

"ஒசரம் இல்ல பாய். மேல போற பந்து நம்ம கைக்கு வர மாட்டேங்குது. சென்டர் ஒருத்தன் வேணும்."

"வேணும்னா வாங்கலாம். யாரக் குடுக்கறது, அதச் சொல்லு."

அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தர் கம்பெனி ஆட்டக்காரனை இன்னொருத்தர் சம்பளம் ஜாஸ்தி காட்டி இழுக்கக் கூடாது. முதலாளிகளில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். ஆளை இழுத்துவிட்டுக் கல்யாண வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவது? ஆள் வேண்டுமென்றால் ஆள் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு வேலை காலியாகும், அங்கே ஒரு வேலை காலியாகும், இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.

மூன்று பேரம் எங்கள் முன்னால் இருந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு இடதுகைக்காரன் இருந்தான். தூரத்திலிருந்து எறிந்தால் வலையைத் தொடாமல்கூட விழும் என்பார்கள். ஆனால் அவன் பந்தைப் பிறருக்குக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. அவனுக்குப் பதிலாக எங்கள் ஃபார்வர்டுகளில் ஒருவரைக் கேட்டார்கள். எங்கள் ஃபார்வர்டுகள் இருவரும் அண்ணன் தம்பி. ஒருத்தனைக் கொடுத்தால் இன்னொருத்தன் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டு பேரையும் கொடுத்துவிட்டு நாங்கள் என்ன செய்வது? அந்தப் பேரம் அன்றைக்கே விழுந்துவிட்டது.

இரண்டாவது, ஆற்காட்டில் ஒரு பெரிய உடம்புக்காரன். அவன் ரிங்குக்குக் கீழே நின்றால் ஒருத்தனும் நெருங்க முடியாது. நின்றால் சரி, ஓடினால்தான் கஷ்டம். "மக்கன் பேடாவ விட்டாதான் இவன் ஓடுவான், ஆற்காட்ல இருக்கற வரைக்கும் விட மாட்டான்," என்று அந்த ஊர் இனிப்பைச் சொல்லிக் கோச் முடித்துவிட்டார்.

மூன்றாவது, வாணியம்பாடிக் கம்பெனியின் சென்டர். நல்ல நெட்டை, எங்கள் டைம் ஆபீஸ் கதவில் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கும். பந்து எங்கே விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் சத்தம் போட மாட்டான், ஃபவுல் கொடுத்தாலும் ரெஃப்ரியை முறைக்க மாட்டான். வாணியம்பாடி முதலாளி எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி, எங்கள் முதலாளி மகள் அந்த வீட்டு மருமகள். நெட்டையைக் கொடுக்கத் தயார், பதிலுக்கு எங்கள் கார்டு வேண்டும் என்று அங்கிருந்து சேதி வந்திருந்தது.

எங்கள் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன், குள்ளன். ஆனால் ஆட்டத்தின் மூளை அவன்தான். அவனைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதை நான் மறைக்கவும் இல்லை.

"கண்ணக் குடுத்துட்டு கையி வாங்கறதா முதலாளி?" என்றேன்.

"கண்ணு வேற ஒருத்தனுக்கும் இருக்குது," என்றார் கோச். "ரெண்டாவது கார்ட தேத்திக்கலாம். ஒசரத்த எங்க போயி தேத்தறது? உப்பு போட்டு இழுத்தா வளருமா?"

முதலாளி எங்கள் சண்டையைக் கேட்கவே இல்லை. கையிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கார்டு செகண்ட் செலக்‌ஷன். கோச்சுக்காத, ஒசரம் கம்மி. அந்த நெட்டை ஃபர்ஸ்ட் செலக்‌ஷன். என் சம்பந்தி முப்பது வருஷமா தோல் யாவாரம் பண்றாரு. ஃபர்ஸ்ட குடுத்து செகண்ட வாங்குவாரா? மேல்பக்கம் நல்லா இருக்குது. கத்திக் காயம் சதைப்பக்கம் எங்கியோ இருக்குது. போயி பாரு."

காயத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. கோச் அவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டார். ஒரு சிநேக ஆட்டம் வைத்து, வேண்டுமென்றே எங்கள் பையன்களை ஓட ஓட விடச் சொல்லி, நெட்டை எப்போது நொண்டுவான் என்று காத்திருந்தார். நொண்டியது எங்கள் பையன்கள்தான். நான் பஸ் பிடித்து வாணியம்பாடி போனேன். குடிப்பானா என்று கேட்டேன். டீயே குடிக்க மாட்டான் என்றார்கள். சீட்டு? கிடையாது. சண்டை சச்சரவு? "அட போங்க சார், அந்த ஆளோட சண்டை போட்டா நமக்குதான் வெக்கமா இருக்கும்," என்றார் டீக்கடைக்காரர். வீட்டில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். பேஜார் பிடித்த ஆள் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. இவ்வளவு நல்லவனைப் பற்றி விசாரிப்பது எனக்கே எரிச்சலாகிவிட்டது.

கடைசியில் அந்தக் கம்பெனி டைம் கீப்பரைப் பார்த்தேன். என் தொழில்காரர், என்னிடம் மறைக்க மாட்டார். "ஆளு தங்கம்," என்றார். "சனிக்கிழமை மட்டும் வர மாட்டான்."

அவன் சனிக்கிழமை சபையைச் சேர்ந்தவன். எங்களுக்கு ஞாயிறு எப்படியோ, அவர்களுக்குச் சனி அப்படி. அன்றைக்குக் கோயில் உண்டு, வேலை கிடையாது. பழைய மேனேஜர் அதைக் கண்டும் காணாமலும் விட்டிருந்தார். புது மேனேஜர் வந்தார், மெமோ மேல் மெமோவாகக் கொடுத்தார். இவனுக்கு விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு கிழமை கேட்பான் என்றாராம். கடைசி மெமோவும் கொடுத்தாயிற்று. இன்னொரு சனிக்கிழமை வராவிட்டால் வேலை போய்விடும். அதற்குள் கைமாற்றிவிடலாம் என்றுதான் அவர்கள் அவசரப்பட்டார்கள்.

நான் வந்து சொன்னதும் முதலாளி தோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"இவ்ளோதானா காயம்? சனிக்கிழமை லீவு போடு அவனுக்கு. வெள்ளிக்கிழமை காலைல வரட்டும். சுண்ணாம்புத் தொட்டில தோலப் பொரட்டிப் போட வெள்ளிக்கிழமை ஒரு ஆள் கெடைக்காம நான் அல்லாடறேன். இது காயம் இல்லப்பா, லாபம்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லீவு மாற்றிப் போடுவது என் கையெழுத்தில் முடிகிற காரியம். நானும் கிறிஸ்தவன்தான், ஞாயிறு சங்கு ஊத வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடிவிட்டு வருவேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தால் ஆரம்பிக்கும், பிரசங்கம் முடிந்து கறிக்குழம்பு வாசனை வந்தால் முடிந்துவிடும். அவர்கள் சனிக்கிழமையும் அப்படித்தான் சனிக்கிழமை காலையில் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

பேரம் எங்கள் கிடங்கிலேயே நடந்தது. தோல் விலை பேசும்போது இரண்டு முதலாளிகள் கைகுலுக்குகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அழுத்தி அழுத்தித்தான் விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டக்காரனுக்கு ஏது விலை? ஆனாலும் பழக்க தோஷத்தில் சம்பந்திகள் இருவரும் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். வாணியம்பாடிக்காரர் இரண்டு விரலை அழுத்தினாராம், அதாவது ஒரு நெட்டைக்கு இரண்டு ஆள். எங்களவர் ஒரு விரல். அப்படியே கொஞ்ச நேரம் துண்டு அசைந்துகொண்டிருந்தது. நானும் கோச்சும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

துண்டை எடுக்கும்போது எங்கள் முதலாளி வாய்விட்டு ஒரு நிபந்தனை சொன்னார். எந்தச் சரக்கு வாங்கினாலும் அவர் சொல்கிற நிபந்தனைதான் அது. தரம் வராவிட்டால் சரக்கைத் திருப்புவேன். "எங்களுக்கு ஷீல்டு வந்தா ரெண்டு பேரும் போன எடத்துலயே இருக்கட்டும். வரலன்னா உங்க ஆளு உங்களுக்கு, எங்க ஆளு எங்களுக்கு."

"சரி," என்றார் சம்பந்தி. "ஆனா ரெண்டு பக்கமும் அதான். அப்பறம் நீங்களும் மனசு மாறக் கூடாது."

எங்கள் கார்டிடம் நான் போய்ச் சொன்னபோது அவன் தோளைக் குலுக்கினான். "எங்க போனா இன்னா சார், பந்து ரவுண்டாதான இருக்கும்?" என்றான். அவனுக்குக் கல்யாணமாகவில்லை, வாணியம்பாடியில் சினிமா கொட்டகை நன்றாக இருக்கும் என்று வேறு சொன்னான். கண் என்று நான் வாதாடியது இந்த ஆளுக்காகத்தான்.

நெட்டை வந்து சேர்ந்தான். நிபந்தனையை அவனிடமும் சொன்னோம், மறைக்கவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். முதல் சனிக்கிழமை லீவுக்கு நான் கையெழுத்துப் போட்டபோது என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இனிமே மெமோ வராதுங்களா சார்?" என்று கேட்டான். "ஷீல்ட தூக்கினு வா, நான் சாகற வரைக்கும் வராது," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியில் வேலை, மத்தியானம் ஆட்டம். லீக் ஆட்டங்களில் எங்களுக்கு எதிரே நின்றவர்கள் பந்தை மேலே பார்த்தார்கள், அவ்வளவுதான். இறங்கும்போது அது அவன் கையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கடையில் உட்கார்ந்து சமோசா தின்போம். அவன் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்துவிடுவான். டீ குடிக்காதவனுக்குக் கடையில் என்ன வேலை என்று நாங்களும் விட்டுவிட்டோம். செமி ஃபைனலும் ஜெயித்தோம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஃபைனலுக்கு வந்தது வாணியம்பாடி.

ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் டைம் ஆபீஸுக்கு வந்தான்.

"ஃபைனல் எத்தன மணிக்கு சார்?"

"நாலு மணி."

"நாலுன்னா நாலுக்கே ஆரம்பிச்சிடுவாங்களா?"

என்னிடம் போய் அப்படி ஒரு கேள்வி! "ஏன், உனக்கு சினிமாவுக்குப் போவணுமா?" என்றேன்.

அவன் நின்றபடியே, சங்கடத்தோடு சொன்னான். "வெள்ளிக்கிழமை சூரியன் எறங்கிட்டா எங்களுக்கு ஓய்வுநாள் ஆரம்பிச்சிடும் சார். சனிக்கிழமை சூரியன் எறங்கற வரைக்கும் அது. இதுவரைக்கும் எல்லா மேட்ச்சும் அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சி. அதான் கேட்டேன்."

 சதைப்பக்கம் முழுசும் பார்த்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். பிறகு யோசித்துப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. சூரியன் இறங்கினதும் முதலாளிகளே மஃரிப் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். ஃபைனலுக்கு நாலு மணி என்று வைத்ததே அதற்கு முன்னால் பரிசு கொடுத்து முடிக்கத்தான். அதைச் சொன்னேன். "உன் நேரமும் அவங்க நேரமும் ஒண்ணுதான். பயப்படாத," என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. போகும்போது கதவில் இடித்துக்கொண்டான்.

ஃபைனல் அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க இடமில்லை. தை மாசம், வெயில் சீக்கிரம் சாய்கிற காலம். நாலு மணிக்கு இரண்டு டீமும் கோர்ட்டில் நின்றன. சீஃப் கெஸ்ட் வரவில்லை. யாரோ ஒரு பெரிய அதிகாரி, வேலூரிலிருந்து கிளம்பிவிட்டார் என்றார்கள். அப்புறம் பள்ளிகொண்டா தாண்டிவிட்டார் என்றார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வருவதற்கு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் மேடைக்கும் கோர்ட்டுக்கும் நடந்து நடந்து அலுத்தேன். அவர் இல்லாமல் ஆரம்பிக்கலாம் என்று கமிட்டியிடம் சொன்னேன். "அவருதான் பால் தூக்கிப் போடணும், பேனர்ல போட்டாச்சே," என்றார் ஒருத்தர். பேனரைக் கிழித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

வந்தார். மாலை, சந்தன மாலை, சால்வை. பிறகு விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று பேசினார். எவ்வளவு நல்லது என்று விளக்கமாகப் பேசினார். நெட்டை பெஞ்சில் உட்கார்ந்து மேற்கே ஏலகிரி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தபோது கம்பத்தின் நிழல் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது. அன்றைக்கு அவன் ஆடிய மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. வழக்கமாக நிதானமாக நடப்பவன், அன்று பந்து வெளியே போனால் தானே ஓடி எடுத்து வந்து கொடுத்தான், ஃபவுல் விசில் ஊதினால் விவாதம் இல்லாமல் கையைத் தூக்கினான். ஹாஃப் டைமில் உட்காரவே இல்லை. "சீக்கிரம் ஊதச் சொல்லுங்க சார்," என்று என்னிடம் வந்தான். நான் ரெஃப்ரியிடம் போனேன். ரெஃப்ரி சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாதியில் எங்கள் பழைய கார்டு வாணியம்பாடிக்காக ஒவ்வொரு ஆளாகக் கடந்து வந்து போட்டான். அவன் போடுவான், இந்தப் பக்கம் நெட்டை போடுவான். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம்தான் பாக்கி, நாங்கள் நாலு பாயிண்ட் முன்னால். அப்போது நெட்டை ரிங்குக்குக் கீழே எழும்பினான், இரண்டு பேர் அவன் கையில் தொங்கினார்கள். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது சுத்தமாக விழுந்தது. ஐந்து பாயிண்ட். கூட்டம் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

ரெஃப்ரி இரண்டாவது தடவைக்காகப் பந்தை அவன் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மசூதியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. மைக்செட்காரன் வழக்கப்படி மைக்கை நிறுத்தினான். கூட்டமும் அடங்கியது. நெட்டை பந்தை இரண்டு தடவை தரையில் தட்டியவன், கையில் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தான். மலைக்கு மேலே சிவப்பு மட்டும் இருந்தது. பந்தை ரெஃப்ரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பெஞ்சைப் பார்த்து நடந்து வந்தான்.

"ஒரே ஒரு த்ரோடா! போட்டுட்டு வாடா!" என்று நான் கத்தினேன். கோச் அவன் கையைப் பிடித்துத் தள்ளினார். அவன் கோச்சின் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"நேரம் ஆயிட்ச்சி சார்," என்றான் என்னிடம்.

அந்த வார்த்தையை என் ஆயுசில் நான்தான் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒருத்தன் சொன்னது அன்றுதான். 

அதே நேரத்தில் மேடையில் எங்கள் முதலாளி எழுந்தார். சீஃப் கெஸ்ட்டிடம் ஏதோ சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார், தொழுகைக்குக் கை கால் கழுவ. நெட்டையும் முகம் கழுவ அங்கேதான் போனான். இருவரும் ஒரே குழாயில் நின்றதை நான் பார்த்தேன். முதலாளி அவனை நிமிர்ந்து பார்த்தார், ஆகாசத்தைப் பார்த்தார்.  தான் கழுவி முடித்ததும் குழாயை மூடாமல் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

இங்கே ரெஃப்ரிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அடிபட்டவன் வெளியே போனால் ரூல் இருக்கிறது. பொழுது சாய்ந்து வெளியே போனவனுக்கு ஏது ரூல்? பதிலுக்கு இறங்கிய பையனைப் போடச் சொன்னார்கள். அவன் தவறவிட்டான். அதற்கப்புறம் மேலே போன பந்து ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் பழைய கார்டு புகுந்து விளையாடினான். மூன்று பாயிண்டில் தோற்றோம். மூன்றாவது குடம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நெட்டைக்கு லீவு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை அவன் வந்தா சொல்லிடு. திங்கக்கிழமை வாணியம்பாடி போயி சேரணும்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்று ஒரு தடவைதான். "அங்க போனா வர்ற சனிக்கிழமையே வேலையவுட்டு எடுத்துடுவாங்க முதலாளி. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எடுத்தப்பறம் நாம சேத்துக்கலாமே?"

"என் சம்பந்தி நிறுத்தின ஆள நான் எடுத்தா அவரு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆவும். என் பொண்ணு அந்த வீட்லதான் சோறு துன்னுது. மனசு மாறக் கூடாதுன்னு அவரு கேட்டாரு, நான் சரின்னேன். நீயும்தான் நின்னிருந்த."

"பொழுது எறங்கினதும் நீங்களும்தான எழுந்து போனீங்க?"

முதலாளி கையிலிருந்த தோலை எந்த அடுக்கிலும் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"போனேன்," என்றார். "எனக்கு யாருப்பா மெமோ குடுப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டை சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வந்து நின்றான். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன்.

"ஏம்பா, இன்னும் கொஞ்ச நேரம்தான? கண்ண மூடிக்கினு ஆடியிருந்தா இனிமே வர்ற சனிக்கிழமை எல்லாம் உன்னுது ஆயிருக்குமே. ஒரு சனிக்கிழமைல அஞ்சு நிமிஷத்த குடுத்துட்டு ஆயுசுக்கும் வாங்கியிருக்கலாமே. இது கூடவா கணக்கு தெரியாது?"

 எனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று உண்மையாகவே யோசித்தான்.

"அதெல்லாம் இன்னும் வரல சார்," என்றான். "இது வந்துட்ச்சி."

அன்றைய வேலையை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் போனான். திங்கட்கிழமை வாணியம்பாடியில் சேர்ந்தான். வியாழக்கிழமை வரைக்கும் வேலை பார்த்தான். வெள்ளி, கம்பெனிக்கு லீவு. சனிக்கிழமை அவன் போகவில்லை.